ரிவர்ஸ்டன் ஓடையும் நமது வார இறுதிப் பயணங்களும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஏறினால் ரிவர்ஸ்டன். காற்று ஆளைத் தள்ளும். பனிமூட்டம் வந்தால் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. உக்குவளை, வரக்காமுறை, கலேவெல பகுதிகளில் உள்ள நமது இளைஞர்களுக்கு மட்டுமல்ல, அக்குறணை, கொழும்பு, காத்தான்குடி என்று எங்கிருந்தும் வேன் பிடித்து வரும் நமது பிள்ளைகளுக்கும் இது இன்று முதல் தெரிவாகி விட்டது. பெருநாள் விடுமுறை என்றால் வீதியின் இரு மருங்கிலும் வாகனங்கள். சட்டி, அடுப்பு, விறகு, இறைச்சி, அரிசி எல்லாம் வேனிலேயே வரும். ஓடையோரத்தில் பிரியாணி வேகும். ஓடையிலேயே குளிப்பு, ஓடையிலேயே வுழூ, ஓடையிலேயே சட்டி கழுவுதல். மறைவான புதர்களுக்குப் பின்னால் மற்றக் காரியமும் அந்த ஓடைக்கு மேலேயேதான் நடக்கின்றது. யாரும் இதை எழுத விரும்புவதில்லை. நான் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அப்படிப் போய் வந்தவன்தான்.

கடைசியாக நாங்கள் போனபோது பாறையில் செருகியிருந்த ஒரு கறுப்புக் குழாயிலிருந்து போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக் கொண்டோம். "கடையில் நூறு ரூபா கொடுத்து வாங்குவதை விட இது சுத்தம்" என்று சொன்னவன் நான்தான். சரியாக நான்கு வாரங்கள் கழித்து என் தங்கையின் மகன், உயர்தரப் பரீட்சை எழுதி விட்டு வீட்டில் இருந்தவன், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகின்றது என்றான். மூன்றாம் நாள் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. ஐந்தாம் நாள் கண் மஞ்சள். செங்கமாரி.

வீட்டில் விசாரணை தொடங்கியது. முந்தின வாரம் ஒரு கல்யாண வீட்டில் சஹனில் சாப்பிட்டான், அந்தச் சமையல்காரர்தான் காரணம் என்று தங்கை சொன்னாள். மச்சான், நகரத்துக் கொத்துக் கடையைச் சந்தேகித்தார். எல்லோரும் கடந்த வாரத்தையே தோண்டிக் கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்: "போன மாதம் எங்கே போனீர்கள்?"

அந்தக் கேள்வியில்தான் இந்த நோயின் சூட்சுமமே இருக்கின்றது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள் போய் 15 முதல் 50 நாட்கள் வரை, சராசரியாக 28 நாட்கள், சத்தமில்லாமல் இருக்கும். கண் மஞ்சளாகும் நாளில் நோயாளி அந்தத் தண்ணீரை மறந்திருப்பார். அதை விட மோசமான விடயம் ஒன்று உண்டு. கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பிருந்தே அவரது மலத்தில் வைரஸ் மிக அதிக அளவில் வெளியாகத் தொடங்கி விடும். அதாவது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நடமாடும் நாட்களில்தான் அவர் மற்றவருக்கு அதிகம் ஆபத்தானவர். கண் மஞ்சளான பின் தட்டையும் கோப்பையையும் தனியாக எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் பாதிக் கதை அதற்குள் முடிந்து விடுகின்றது.

என் மருமகனுக்கு அந்தக் குழாய்த் தண்ணீரால்தான் நோய் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. அதை நிரூபிப்பதற்காக இதை எழுதவும் இல்லை. அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கள் வேனில் இருந்த 14 பேரில் எவராவது, நோய் அறிகுறி தோன்றாத அந்த இரண்டு வாரங்களில் இருந்திருந்தால்? நாங்கள் புதருக்குப் பின்னால் விட்டு வந்ததை இரவு மழை ஓடையில் சேர்த்திருந்தால்? கீழே அந்த ஓடையில் குழாய் போட்டுக் குடிக்கின்ற வீடுகள் இருக்கின்றன. நாங்கள் பிரியாணிச் சட்டியைக் கழுவிய நீர்தான் அவர்களது சமையலறைத் தண்ணீர்.

ரிவர்ஸ்டனைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை, இலுக்கும்புர, அப்பால் லக்கல, பல்லேகம. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டுப் பகுதிகளில் இந்தக் காடும் ஒன்று. ரத்தோட்டைப் பக்கம் கம்மடுவை போன்ற தோட்டப்புறங்கள், லயன் அறைகள். கிராமத்துச் சிங்கள விவசாயியும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் மலையிலிருந்து குழாய் வழியாகத் தானாக இறங்கி வரும் நீரையே பெரும்பாலும் நம்பியிருக்கின்றார்கள். இப்படியான சிறு நீர்த் திட்டங்களைக் கிராமத்துச் சங்கங்களே பராமரிக்கின்றன. பல இடங்களில் குளோரின் போடுவது ஒழுங்காக நடப்பதில்லை. போட்டால் "மருந்து மணக்கின்றது" என்று சனங்களே முறையிடுவார்கள். மலையில் விழும் நீர் அம்பன் கங்கை வழியாக மகாவலியில் சேர்கின்றது. ஆகவே, இந்த மலைச்சரிவில் வாழ்பவர்களோடு இந்தக் கதை முடிவதும் இல்லை.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கின்றது. ஹெபடைடிஸ் ஏ சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதில்லை. இரண்டு நாள் காய்ச்சல், வயிற்றோட்டம், அவ்வளவுதான். ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்து விடும். அதே வைரஸ் 20 வயதில் அல்லது 40 வயதில் முதன்முறையாகத் தொற்றினால் பெரும்பாலானோருக்குச் செங்கமாரியாகவே வெளிப்படும். வயது கூடக் கூட ஈரல் செயலிழக்கும் ஆபத்தும் கூடும். முன்னைய தலைமுறையினர் அசுத்தமான கிணற்று நீரைக் குடித்துச் சிறு வயதிலேயே இதைக் கடந்து விட்டார்கள். இன்று குழாய் நீரிலும் போத்தல் நீரிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கவசம் இல்லை. சுகாதாரம் முன்னேறியதற்குக் கிடைத்த தண்டனை போல இது தோன்றும். ஆனால், அரைகுறையாக முன்னேறியதற்கான தண்டனை என்பதே சரி. வீட்டுக்குள் சுத்தம் வந்தது, வெளியே வரவில்லை. "நான் சின்ன வயதில் இதே ஓடையில்தான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லும் வாப்பாமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணமே அவர்களது மகனுக்கு ஆகி விடக்கூடும் என்பதற்கும் காரணம்.

அதனால்தான் ஒரு பின்தங்கிய கிராமத்தில் "இங்கே செங்கமாரி இல்லை" என்று கேள்விப்பட்டால் வைரஸ் இல்லை என்று அர்த்தமாகாது. எல்லோருக்கும் சிறு வயதிலேயே வந்து போயிருக்கலாம். நோயாளிகளை எண்ணுவது வேறு, தொற்றை எண்ணுவது வேறு.

நமது நாட்டில் வைரஸ் ஈரல் அழற்சி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கின்றது. நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தொற்று நோயியல் பிரிவு வாராந்த அறிக்கையில் மாவட்ட ரீதியாக எண்ணிக்கையை வெளியிடுகின்றது. நல்ல ஏற்பாடு, தெற்காசியாவில் பல நாடுகளுக்கு இல்லாத ஏற்பாடு. ஆனால், அந்த அறிக்கையில் மாத்தளை என்பது ஒரே ஒரு வரி. நகரமும் தம்புள்ளையும் லக்கலவின் மலைக்கிராமமும் ஒரே இலக்கத்துக்குள் அடங்கி விடுகின்றன. ஒரு மலைக்கிராமத்தில் பத்து வீடுகளில் நோய் வந்தால் அந்தக் கிராமத்துக்கு அது பேரிடி. மாவட்ட வரியில் அது கண்ணில் படாத அசைவு. அதுவும் அந்தப் பத்துப் பேரும் வைத்தியசாலைக்கு வந்தால்தான். பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, கீழே இறங்குவதை விட ஊரிலுள்ள நாட்டு வைத்தியரிடம் போவது அவர்களுக்குச் சுலபம். அங்கே படிவம் கிடையாது. தவிர, அந்த எண்ணிக்கையில் ஏ, பி, சி, ஈ என்ற வகைப் பிரிப்பும் பெரும்பாலும் இல்லை. கண் மஞ்சளானவரின் தொகை அது, அவ்வளவே.

தூரத்துக் கிராமங்களை ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காஷ்மீர் சாட்சி. 1978 இறுதியில் குல்மர்க் பகுதியைச் சுற்றியுள்ள கிராமங்களில் செங்கமாரி பரவியது. டொக்டர் முஹம்மத் சுல்தான் குரூ என்ற இளம் வைத்தியர் பனியில் அந்தக் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 52,000 பேருக்கு நோய், சுமார் 1,700 மரணங்கள். இறந்தவர்களில் கர்ப்பிணிப் பெண்கள் விகிதத்துக்கு மிஞ்சி இருந்ததை அவர் கவனித்தார். இரத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது ஏயும் இல்லை, பீயும் இல்லை. அசுத்த நீரால் பரவும், அதுவரை பெயரில்லாத இன்னொரு வைரஸ் இருக்க வேண்டும் என்று 1980இல் எழுதினார். அதுதான் இன்று ஹெபடைடிஸ் ஈ. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்கு 20 அல்லது 25 பேர் வரை இறந்து விடக்கூடும் என்பது பின்னர் உறுதியானது. பெரிய ஆய்வுகூடங்கள் இருந்த நகரங்களில் அல்ல, பாதையில்லாத கிராமங்களில்தான் அந்த வைரஸின் முதல் தடயம் கிடைத்தது என்பதை நமது ஆட்சியாளர்கள் நினைவில் வைத்திருந்தால் நல்லது.

நமக்கும் அனுபவம் இல்லாமல் இல்லை. 2007இல் கம்பளையில் செங்கமாரி பரவியபோது நகரமே குடிநீரைச் சந்தேகத்துடன் பார்த்தது. 2009இல் யுத்தம் முடிந்து மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தபோது ஹெபடைடிஸ் ஏ அங்கே பரவியது. கூட்டம், போதாத மலசலகூடம், போதாத தண்ணீர். இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால் வைரஸுக்கு வேறு எதுவும் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை மாவட்டமும் மண்சரிவில் கடுமையாக அடிபட்டது. அப்படியான பேரிடரில் வீடு போவது கண்ணுக்குத் தெரியும். மலைச்சரிவில் புதைத்த நீர்க் குழாய் உடைவதும், மலசலகூடக் குழி பெயர்ந்து ஓடைப் பக்கம் திறந்து கொள்வதும் யாருடைய புகைப்படத்திலும் வராது. நிவாரணமாகப் பாய், அரிசி, பருப்பு கொண்டு ஓடிய நமது பள்ளிவாசல்களையும் இளைஞர்களையும் மெச்ச வேண்டும். ஆனால், அடுத்த தடவை அந்த லொறியில் குளோரின் வில்லைகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் கொஞ்சம் இடம் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கலும் மாத்தளைக்கே உரியது. கண் மஞ்சளானால் எல்லாம் ஹெபடைடிஸ் அல்ல. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள், 200 பேரளவில் மரணம். அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. எலிக்காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளாகும். வயலில் சேற்றில் நின்றவருக்குக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று இருந்தால் அது வீட்டில் வைத்துப் பத்தியம் காக்கும் நோயல்ல. அதற்கு அன்டிபயோட்டிக் உண்டு, தாமதித்தால் சிறுநீரகம் போய் விடும். "செங்கமாரிதானே, கை மருந்து போதும்" என்ற நம்பிக்கை உயிரெடுப்பது இந்த இடத்தில்தான்.

கை மருந்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டிலும் கீழாநெல்லி அரைத்தார்கள். பையன் குணமானான். கீழாநெல்லிதான் குணமாக்கியது என்று தங்கை இன்றைக்கும் சொல்லுகின்றாள். நான் வாதாடவில்லை. ஆனால், ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானோருக்குத் தானாகவே குணமாகும் நோய். அதற்குக் கீழாநெல்லி கொடுத்தாலும் குணமாகும், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் குணமாகும். ஹெபடைடிஸ் பிக்கும் கீழாநெல்லி சோதித்துப் பார்க்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும், அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது பரவாயில்லை, கீழாநெல்லியால் பெரிய கெடுதியில்லை. நான் பயப்படுவது பெயர் தெரியாத கலவைக் கசாயங்களுக்கு. பேராதனையில் பேராசிரியர் அர்சகுலரத்ன குழுவினர் 1980களின் தொடக்கத்திலேயே, கிலுகிலுப்பை இனச் செடிகள் உட்பட நமது நாட்டு மருந்துகளில் சேரும் சில மூலிகைகளில் ஈரலைத் தாக்கும் நச்சு இருப்பதைக் காட்டினார்கள். ஏற்கெனவே வீங்கிய ஈரலுக்கு அதைக் கொடுப்பது எரியும் வீட்டுக்கு எண்ணெய். காய்ச்சலுக்கென்று அளவுக்கு மிஞ்சிப் பரசிட்டமோல் விழுங்குவதும் அதே கதைதான். நோயாளி குழம்பிப் பேசினால், பகலில் தூங்கி வழிந்தால், முரசில் இரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால், ஓதிப் பார்ப்பதையும் செய்யுங்கள், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் செய்யுங்கள்.

இதுவரை பேசியது தண்ணீரால் வருபவை. இரத்தத்தால் பரவும் பியும் சியும் வேறு கதை. கண் மஞ்சளாகாமலே 20, 30 வருடங்கள் ஈரலை அரித்து, சுருங்கலிலும் புற்றுநோயிலும் கொண்டு போய் விடுபவை. உலக சுகாதார அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகில் 25 கோடி 40 இலட்சம் பேர் பியுடனும் 5 கோடி பேர் சியுடனும் வாழ்ந்தார்கள். ஆண்டுக்கு 13 இலட்சம் மரணங்கள். இலங்கையில் இவ்விரண்டும் குறைவு. 2003இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேசிய அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இன்று பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசிக்குள் அது இருக்கின்றது. மலைக்கிராமத்துக்கும் நடந்து போகும் குடும்ப சுகாதார மருத்துவிச்சிகளுக்கு இந்த நாடு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால், 2003க்கு முன் பிறந்த நாம் எல்லோரும் அந்த ஊசிக்கு வெளியே நிற்பவர்கள். ஒஸ்தாவின் கத்தி, சலூன் பிளேட், ஹஜ்ஜில் தலை மழிக்கும்போது வீதியோரத்தில் ஒரே பிளேட்டால் பலருக்கு மழிக்கும் ஆட்கள், இவையெல்லாம் நம்முடைய வாழ்க்கையில் உள்ளவை. புதிய பிளேட்டைக் கண் முன்னே பிரிக்கச் சொல்லுவது மரியாதைக் குறைவல்ல. எகிப்தில் ஒரு காலத்தில் நத்தைக் காய்ச்சலுக்கு ஊசி போடுகின்றோம் என்று கிராமம் கிராமமாக ஒரே ஊசியைப் பலருக்குப் பாவித்து, ஹெபடைடிஸ் சியை இலட்சக்கணக்கானோருக்கு ஏற்றி விட்டார்கள். அதே எகிப்து 2018இல் தொடங்கிய இயக்கத்தில் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, மாத்திரை கொடுத்து, 2023இல் உலக சுகாதார அமைப்பின் தங்கத் தர அங்கீகாரத்தைப் பெற்றது. பிரமிட் பார்க்கப் போகின்றவர்கள் அந்த வெற்றியைப் பற்றியும் கேட்டு வந்தால் நல்லது.

மீண்டும் ரிவர்ஸ்டனுக்கு வருவோம். நீர்நிலை, பாதை, மக்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய இடங்களில் மலசலம் கழிப்பதை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது மதரஸாவில் அரிச்சுவடியாகப் படித்தது. ஓடையோரத்து மரநிழலில் ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில் நாம் மூன்றையும் ஒன்றாகச் செய்து விட்டு அதே நீரில் வுழூச் செய்து தொழுகின்றோம். பயணம் ஏற்பாடு செய்யும் இளைஞர் அமைப்புகளும், அறிவித்தல் பலகையில் அதைப் போடும் பள்ளிவாசல்களும் இதைக் கையிலெடுக்கலாம். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்து கொதிக்க வைத்துக் கொண்டு போவது பெரிய வேலையல்ல. ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் இந்த வைரஸ் செத்து விடும். கையில் பூசும் சனிடைசரை இதற்கு நம்ப வேண்டாம், சவர்க்காரமும் ஓடுகின்ற நீரும்தான் வேண்டும், அதுவும் ஓடைக்குள் அல்ல, ஓடையை விட்டுத் தள்ளி. கண் மஞ்சளானவர் ஒரு வாரம் கடக்கும் வரையாவது கந்தூரிச் சமையலுக்கும் சஹனுக்கும் பக்கத்தில் வரக் கூடாது. ஹெபடைடிஸ் ஏக்குத் தடுப்பூசி தனியார் துறையில் இருக்கின்றது. தேசிய அட்டவணையில் இல்லை, விலையும் எல்லோருக்கும் எட்டாது. ஆனால், சமையல்காரர்களுக்கும் மதரஸா விடுதிப் பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுப்பது ஊர்த் தனவந்தர்களுக்கு முடியாத காரியமல்ல.

தனிமனித ஒழுக்கத்தில் மட்டும் இதை முடித்து விடவும் கூடாது. விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கானோரை ஒரு மலைக்கு அழைத்து விட்டு, அந்தக் கூட்டத்துக்குப் போதுமான மலசலகூடம் வைக்காத இடத்தில் புதருக்குப் பின்னால் போகின்றவனை மட்டும் திட்டுவது நியாயமில்லை. உல்லாசப் பயணிகளால் கிடைக்கும் வருமானம் யாருக்குப் போனாலும், செலவு கீழே குழாய் போட்டிருக்கும் வீட்டுக்குப் போகின்றது. ஒரு வான்தொட்டி மலசலகூடம், கிராமத்து நீர்த் தொட்டிக்கு ஒழுங்கான குளோரின், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீர்ப் பரிசோதனை, அதன் முடிவை அந்தக் கிராமத்து மக்கள் வாசிக்கக் கூடிய இடத்தில் ஒட்டுதல். இவை கோடிகள் தேவைப்படும் திட்டங்கள் அல்ல.

என் மருமகன் ஆறு வாரத்தில் தேறி விட்டான். அடுத்த விடுமுறைக்கு அவனுடைய கூட்டாளிகள் மறுபடியும் ரிவர்ஸ்டன் போகின்றார்கள். சாமான் பட்டியலை எனக்குக் காட்டினான். இறைச்சி, அரிசி, காஸ் அடுப்பு இவற்றுக்குக் கீழே 20 லீற்றர் தண்ணீர்க் கேன் நான்கு என்று எழுதியிருந்தான். மலசலகூடத்துக்காக ரத்தோட்டையில் வேனை நிறுத்துவது என்றும் முடிவாகி இருக்கின்றது. மேலே வசதி செய்து தரும்படி பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டுமாம். அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கின்றது.